முகம் வேண்டாம், கால் போதும்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு பிஸ்கட் டின்களைப் புகைக்கொட்டகை அடுப்பில் போட்டு எரித்தவன் நான். யாரும் என்னை எரிக்கச் சொல்லவில்லை. தோட்டத்தை நிர்வகித்த துரை சொல்லவில்லை, ஆப்பிசில் எனக்கு மேலே இருந்த பெரிய கிராணி சொல்லவில்லை. டின்களுக்குள் இருந்தவை இன்னொருவர் எடுத்த புகைப்படங்கள். அவர் தோட்டத்தில் இல்லாத நாளாகப் பார்த்து, பட்டப்பகலில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற ஆளைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டு, என் கையாலேயே போட்டேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இப்போது எண்பத்து மூன்று.

இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை. சொன்ன பிறகும் அவர் யார், எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெளிவாக எழுத வருமா என்று தெரியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் யோசித்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாதிரி விளங்குகிறது, மறுநாள் அது தப்பு என்று படுகிறது.

மலாய் நாட்டில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் மருத்துவச்சி அவர். பெயர் எனக்குத் தெரியும். தோட்டத்து ஆப்பிசில் கணக்கு எழுதும் கிராணியாக மாதாமாதம் ஆள் பட்டியலில் எழுதியவன் நான்தான். இங்கே எழுதப்போவதில்லை. அவர் வைத்திருந்த பெயர்களை எல்லாம் எரித்த எனக்கு அவர் பெயரை எடுத்து எழுதும் உரிமை இல்லை என்று தோன்றுகிறது. தோட்டத்து ஜனங்கள் அவரைப் பெட்டிக்காரம்மா என்றார்கள். தோளில் தொங்கும் துணிப்பைக்குள் ஒரு பெட்டிக் கேமரா எப்போதும் இருக்கும். கறுப்புச் செருப்புப் பெட்டி அளவுதான். முன்னால் ஒரு கண், பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் ஒரு கையில் வெந்நீர்ப் பானை, இன்னொரு தோளில் அந்தப் பை.

குழந்தை பிறந்த மறுநாள் பத்து மணிவாக்கில், ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக வெயில் கட்டில் வரைக்கும் வரும்போது படம் எடுப்பார். அதற்கு ஒரு முறை உண்டு. தாய் தலையணையில் சாய்ந்து உட்கார வேண்டும். முகம் நேராகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு சிலேட்டைச் சாய்த்து வைப்பார். சிலேட்டில் சாக்கட்டியால் தேதி, தாயின் பெயர், ஆணா பெண்ணா என்பது. குழந்தையைத் துணியால் முழுக்கச் சுற்றிவிடுவார், இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். பிறகு கேமராவைத் தன் வயிற்றோடு அணைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, 'டக்' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். இரண்டாவது படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

பாதம் மட்டும் ஏன் என்பதற்குக் காரணம் இருந்தது. பிறந்து முப்பது நாள் கழியாத குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுள் குறையும், கண் பட்டுவிடும் என்று எங்கள் ஜனங்களுக்குப் பயம். ஒருமுறை ஒரு தகப்பன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தம் போட்டது நினைவிருக்கிறது. ரப்பர் பால்வாளியைக்கூட இறக்கி வைக்காமல் நேராக வந்திருந்தான்.

"முப்பது கழியாத புள்ளைய பெட்டிக்குள்ள புடிக்கிறியே, ஆயுசு கொறைஞ்சா நீயா குடுப்ப?"

"மூஞ்சி வேணாம்ப்பா. கால் போதும். கால்ல எவன் வந்து கண்ணு போடப்போறான்?"

"கால்ல ஆயுசு இல்லியா?"

"ஒன் ஆயுசு ஒன் கால்லயா இருக்கு? சாயங்காலமானா கள்ளுக்கடைக்குத் தானா நடக்குதே, அதுலயா?"

வரிசையில் மருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்துவிட்டான். படம் எடுக்கப்பட்டது.

அந்தப் படங்களை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. இதுதான் எல்லாருக்கும் குழப்பம். மருந்து அறையின் ஜன்னலைக் கம்பளியால் அடைத்துவிட்டு அவரே கழுவி, அவரே காகிதத்தில் போட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி டின்னில் அடுக்கிவிடுவார். தாய்மார் கேட்பார்கள்: "எங்க படத்தக் குடுங்கம்மா, செவத்துல மாட்டுறோம்." அவர் "இருக்கட்டும்" என்பார்.

இருக்கட்டும். அவர் வாயில் அந்தச் சொல் எதற்கும் வரும். தேங்காய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தால் இருக்கட்டும், அதாவது வேண்டாம். நாளைக்கு மழை வந்தால் எப்படிப் போவீர்கள் என்று கேட்டால் இருக்கட்டும், அதாவது பார்த்துக்கொள்ளலாம். யாராவது திட்டினால் இருக்கட்டும், அதாவது போகட்டும். டின்னைக் காட்டி எதற்கு இதெல்லாம் என்றால் அதே இருக்கட்டும். அப்போது அதற்கு அர்த்தம் 'போகட்டும்' என்பதற்கு நேர் எதிர். எந்த இருக்கட்டும் எந்த அர்த்தம் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் முகம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை, "பொழுது போவணுமே கிராணியாரே" என்றார். இன்னொரு முறை, "டாக்டர் குடுத்த பெட்டி, சும்மா கெடந்தா துருப்புடிச்சிரும்" என்றார். இன்னொரு முறை என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்ன டாக்டர் ஒரு வெள்ளைக்காரர். ஆனால் இங்கிலாந்துக்காரர் இல்லை. வாரம் ஒரு நாள் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வந்து போவார். ஹங்கேரி தேசத்தவர் என்று துரை சொன்னார். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது அது அங்கேரியாகிவிட்டது. "அங்க ஏறி இங்க எறங்கிட்டாராம்" என்று ஆட்களை மேய்க்கிற மண்டோர் சொன்னார். அதிலிருந்து அவர் அங்கேரி டாக்டர். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது கேமராவையும் படம் கழுவும் மருந்துத் தட்டுகளையும் மருத்துவச்சியிடம் விட்டுவிட்டுப் போனார். எங்கள் தோட்டத்தில் கேமரா வைத்திருந்த முதல் தமிழர் மருத்துவச்சிதான். துரையிடம்கூட அப்போது இருந்ததா என்று நினைவில்லை. இருந்திருக்காது. ஏனென்றால் துரைசானி ஒருமுறை தன் நாயைப் படம் எடுக்க இவரைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். இவர் பிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். காலையில்தான் புது ரோல் போட்டதைப் பார்த்திருந்தேன்.

"ஏம்மா பொய் சொன்னீங்க?" என்றேன்.

"நாய்க்குத் தேதி வேணுமா?" என்றார்.

இன்னொரு சம்பவத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஒரு குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. குறித்துக்கொள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மருத்துவச்சி சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். குழந்தையைச் சுற்றியிருந்த துணியிலிருந்து பாதங்களை வெளியே எடுத்து, அவை மேல் வெயில் விழும்படி சரிசெய்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களுக்கு மனசே கெடையாதா? இதப் போயா படம் புடிப்பாங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை அடக்கி, தட்டிவிட்டு, பிறகுதான் பேசினார்.

"இதுவும் வந்துச்சுல்ல?"

கட்டிலில் இருந்தவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். இரக்கம் இல்லாதவர் என்று அன்று முடிவு கட்டினேன். என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன். "நீங்க என்னத்தக் கண்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி என் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் குழந்தை பிறந்தால் மருத்துவச்சி ஒரு சீட்டு எழுதி ஆப்பிசுக்கு அனுப்புவார். நான் அதைப் பதிவுப் படிவமான பாரத்தில் ஏற்றி, இரண்டு வாரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்து, பிறப்புப் பத்திரம் வாங்க வேண்டும். எங்கள் ஜனங்கள் குழந்தைக்கு முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதற்கு முன்னால் வரும் தகப்பனிடம், "பேரு வெச்சப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முப்பது கழிந்து வந்தால் தவணை தாண்டியிருக்கும். தாண்டினால் கூடுதல் பாரம், கூடுதல் விளக்கம், ஸ்டேஷனில் நின்று பதில் சொல்ல வேண்டும். "விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்று சொல்லி மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவேன். பெயர் இல்லாமலும் பதியலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். இங்கிலீஷில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவன், பாரத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததைப் படிக்கத் தெரியாதவன் இல்லை. சோம்பல். வேறு பெயர் கிடையாது. எல்லாவற்றையும் அப்படிச் செய்யவில்லை. பாதியைப் பதிந்தேன். எந்தப் பாதி என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மருத்துவச்சி மாதம் ஒருமுறை கேட்பார்.

"எம்புள்ளைங்க எல்லாம் ரிஜிஸ்தர்ல ஏறியாச்சா கிராணியாரே?"

"ஏறியாச்சும்மா."

"எல்லாமும்?"

"எல்லாமும்தான். சந்தேகமா?"

"இருக்கட்டும்."

நான் எரித்த அந்த வருஷம் தொழிலாளர் இலாகாவிலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியும் பார்ப்பார் என்று துரை சொன்னார். அதிகாரி என் பதிவேட்டையும் அந்த டின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். தேதி இருக்கிறது, தாயின் முகம் இருக்கிறது, கால் இருக்கிறது. பதிவேட்டில் வரி இருக்காது. அந்த வாரம் மருத்துவச்சி சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இழுப்பறைப் பாரங்களையும் நான்கு டின்களையும் அன்று ஒன்றாகவே எரித்தேன். நெகடிவ் சுருளும் டின்னுக்குள்ளேயேதான் இருந்தது. அது சட்டென்று பிடித்துக்கொண்டது.

அதிகாரி வந்தார். சம்பளக் கணக்கைப் புரட்டினார், இளநீர் குடித்தார், போய்விட்டார். பிறப்பு பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

மருத்துவச்சி திரும்பி வந்ததும் நேராக ஆப்பிசுக்கு வந்தார். கையில் எனக்கென்று ஒரு சின்னப் பொட்டலம் அல்வா வேறு.

"டின்னெல்லாம் காணலியே?"

"கறையான் அரிச்சிருச்சும்மா. ஆஸ்பத்திரிய சுத்தம் பண்ணச் சொன்னாங்க. வேற வழியில்லாம எரிச்சிட்டோம்."

அவர் அல்வாவை மேஜைமேல் வைத்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. அதே வெயில், அதே சிலேட்டு, அதே 'டக்'. ஆனால் மருந்து அறை ஜன்னலில் கம்பளி தொங்குவதை நான் பார்க்கவில்லை. புது டின்னும் வரவில்லை. ஒரு நாள் பை வாசலில் கிடந்தது. கேமராவின் பின்மூடி திறந்திருந்தது. உள்ளே பிலிம் இல்லை. தூசிதான் இருந்தது. அப்படியானால் எத்தனை நாளாக வெறும் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்? தாய்மார் ஏமாறக்கூடாது என்றா? பழக்கமா? அந்தச் சத்தம் என் காதில் விழ வேண்டும் என்றா? நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்பது போல் இருந்தது. சில நாள் உண்மையிலேயே கேட்டது. இன்றும் எனக்கு இது விளங்கவில்லை.

தோட்டம் கைமாறி, ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். ஜனங்கள் சிகாமட், பண்டார் தெங்காரா, பாசிர் கூடாங் என்று பிரிந்தார்கள். நான் பக்கத்து டவுனான கிளுவாங்கில் ஒரு கம்பெனி ஆப்பிசில் சேர்ந்தேன். பத்து வருஷம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் இடத்தில், நீளப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர் என்று தெரிந்தது. வெள்ளைச் சேலை, காலில் ரப்பர் சிலிப்பர். கையில் நம்பர் துண்டு. பை இல்லை.

"பிரஷரா கிராணியாரே?" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல.

"சக்கரை வியாதிம்மா." பிறகு, வருஷக்கணக்காக உள்ளே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னிக்கு டின்ன கறையான் அரிக்கல. நான்தான் வேணும்னு எரிச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"கறையான் தகரத்தத் திங்காது."

மேலே நம்பர் பலகையில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. நான் இழுப்பறையைப் பற்றிச் சொன்னேன், அதிகாரியைப் பற்றிச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் நம்பர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? எம்படமா அது? ஒண்ணுலயாவது நான் இருந்தனா?"

அவரே பிறகு அந்த அங்கேரி டாக்டரைப் பற்றிச் சொன்னார். டாக்டரின் அப்பா அந்த நாட்டில் ஏதோ பள்ளிக்கூட வாத்தியார். படம் எடுப்பது அவருக்குத் தொழில் இல்லை, ஆசை. கேமரா என்பதே பெரிய மரப்பெட்டியும் கண்ணாடித் தகடுமாக இருந்த காலம். தன் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பிறந்த மறுநாள் தாயோடு உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பலகையில் தேதி எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பாராம். ஊரார் கேலி செய்தார்களாம். யுத்தத்தில் வீடு போயிற்று, ஊர் ஆப்பிஸ் போயிற்று, கடுதாசி எல்லாம் போயிற்று. டாக்டர் எல்லை தாண்டியபோது சட்டைப் பைக்குள், தான் பிறந்த மறுநாள் எடுத்த அந்த ஒரு படம் மட்டும் இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் யாரோ ஒரு அதிகாரி, 'சரி, நீ பிறந்திருக்கிறாய்' என்று எழுதிக் கொடுத்தாராம்.

"அந்தப் படத்த எங்கிட்ட காமிச்சாரு. கெளம்புற அன்னிக்கு. அவங்கம்மா எங்கயோ பாக்குறாங்க, பலகை கோணலா இருக்கு. ஒண்ணும் நல்லாவே இல்ல."

"இத ஏம்மா அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

சொல்லியிருந்தால் எரித்திருக்க மாட்டேனா? இன்னும் சீக்கிரமாக எரித்திருப்பேனா? அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, என் தோளைப் பிடித்து ஊன்றி நிமிர்ந்தார். "இருக்கட்டும்" என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு அந்தப் பக்க வாசல் வழியாகவே போய்விட்டார். போகட்டும் என்றாரா, உனக்குள்ளேயே இருக்கட்டும் என்றாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், அவர் அப்போது வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறந்த செய்தி காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்: படங்களில் இருந்தவர்களிடம். நான் போய்க் கேட்கவில்லை. யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன்.

போன வருஷம் அவர்களில் ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். என் மகளோடுதான் இப்போது இருக்கிறேன். மகள் ஓய்வு பெற்ற ஆசிரியை. கேட்டுக்கு வெளியே ஒரு பெண்மணி, கூட அவள் மகன். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் வாழைப்பழம்.

"கிராணி ஐயாதானே? நான் சரோஜா ஐயா. அஞ்சாம் லயத்து முனியம்மா மவ. எங்கம்மாவ ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. நான் நடக்கறதுக்குள்ள செத்துட்டாங்க."

இருந்தது. தொழிலாளர் வரிசை வீட்டு முனியம்மா எனக்கு எவ்வளவு நன்றாக நினைவிருந்தாள் என்பதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவளிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. இங்கே பிறந்தவள், இங்கேயே ஐம்பத்தேழு வருஷம் இருந்தவள், ஆனால் பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. குடிமக்களுக்குத்தான் நீலக் கார்டு, சிவப்புக் கார்டுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடையாது. அவள் மகள் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். பிள்ளை பெற்று ஏழு மாதம் ஆகியும் இவளால் போய்ப் பார்க்க முடியவில்லை. மகளுக்கு உடம்பு சரியில்லை, அவளாலும் வர முடியவில்லை.

"ஜேபி கரையில நின்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் கட்டடம் தெரியுது லா ஐயா. மவ வீடு அதுக்குப் பின்னாலன்னு மவன் காட்டுறான். எத்தினி மனு போட்டாச்சு. தோட்டத்துல பொறந்ததுக்கு அத்தாச்சி கேக்குறாங்க. நீங்க ஆப்பிஸ்ல இருந்தவங்க. ஒரு சுராட் சும்பா போட்டுக் குடுத்தா போதும்."

சத்தியக் கடிதம். பொய்யாகவே எழுதிக் கொடுத்திருக்கலாம்: பதிந்தோம், பத்திரம் தொலைந்திருக்கும் என்று. அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். என் மகள் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவள் முன்னாலேயே, சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறை, டின், அடுப்பு. சரோஜா பாதி கேட்கும்போதே கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்கம்மா படம் இருந்துச்சா?" என்றாள். கார்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"இருந்தது."

"நான் எங்கம்மா மூஞ்சியப் பாத்ததில்ல ஐயா. ஒரு படம் கெடையாது."

அவள் மகன், "வாங்கம்மா போலாம்" என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. அப்போது நான் அதுவரை யாரிடமும் சொல்லாத இன்னொன்றைச் சொன்னேன். எரிப்பதற்கு முன் டின்னைத் துழாவி ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டேன். என் மகளுடையதை.

என் மனைவிக்குக் கிளுவாங் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று ஏற்பாடு. அந்த வாரம் வெள்ளம். சாலை முழுக்கத் தண்ணீர். தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே பிறந்தது. அதே நாளில் பக்கத்துக் கட்டிலில் முனியம்மாவுக்கும் பிறந்தது. பிலிம் குறைவாக இருந்ததால் மருத்துவச்சி இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டு, நடுவில் ஒரே சிலேட்டை வைத்து, இருவரையும் ஒரே படமாக எடுத்திருந்தார். படத்தைச் சட்டம் போடும்போது முனியம்மா இருந்த பாதியைப் பின்னால் மடித்துவிட்டேன். கிராணி வீட்டுச் சுவரில் ரப்பர் பால்வெட்டுக்காரி எதற்கு என்றுதான். தண்ணீர் வடிந்த அன்றே என் மகளின் பாரத்தைக் கொண்டுபோய்ப் பதிந்தேன், பெயர் வைப்பதற்கு முன்பே. முனியம்மாவின் பாரமும் அன்று என் கையில்தான் இருந்தது. அதைப் போகும்போது மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.

என் மகள் தன் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தாள். பின்னட்டையைப் பிரித்தாள். மடிப்பை அவள்தான் நிமிர்த்தினாள். காகிதம் மடிப்பில் லேசாகப் பிளந்தது, ஆனால் விடவில்லை. சிலேட்டின் நடுவே கோடு. இடது பக்கம் என் மனைவி. வலது பக்கம் முனியம்மா, எதற்கோ வந்த சிரிப்பை அடக்குகிறவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டு. இரண்டு துணிச் சுருள்கள், நான்கு பாதங்கள். தேதி. 'கிராணி அம்மா, பெண். முனியம்மா, பெண்.'

சரோஜா அதைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைத்தே குனிந்து பார்த்தாள். வெகுநேரம். பிறகு மகனிடம், "பல்லு எனக்கு மாதிரியேதான்" என்றாள்.

மகள் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் காரை எடுத்து எங்களை எல்லாம் பதிவு ஆப்பிசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை நடந்தபடி சத்தியக் கடிதமாக எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், பெரியவரை அழைக்கிற மரியாதையோடுதான் கேட்டாள்: அன்று பதிவேட்டில் பிறப்பை மறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள் பாக்சிக், இன்று எழுதியது உண்மை என்று நாங்கள் எதை வைத்து நம்புவது? நியாயமான கேள்வி. என் மகள் தன் பிறப்புப் பத்திரத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சிலேட்டில் இருந்த தேதியும் பத்திரத்தில் இருந்த தேதியும் ஒன்று. அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். அசல் படம் கோப்பில் இருக்க வேண்டும் என்றாள். சரோஜா கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன் அவள் மகன் போனில் நாலைந்து தடவை படம் பிடித்துக்கொண்டான்.

திரும்பி வந்து காரிலிருந்து இறங்கும்போது சரோஜா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "வர்றேங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பல மாதம் ஒரு செய்தியும் இல்லை. நான் இரண்டு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. நிராகரித்துவிட்டார்களோ என்று பயந்தேன். கிடைத்துவிட்டதோ என்றும் ஒரு பயம் இருந்தது, அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சரோஜாவின் மகன் மோட்டாரில் வந்தான். கேட்டைத் திறந்தேன். உள்ளே வரவில்லை. தலைக்கவசத்தையும் கழற்றவில்லை.

"அம்மா சொல்லச் சொன்னாங்க ஐயா. கார்டு வந்துருச்சு. நீலம். பாஸ்போட்டும் எடுத்தாச்சு."

"சந்தோஷம்பா. நாளைக்கு மகளோட வந்து அம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வரேன்."

"இல்ல ஐயா. நீங்க வர வேணாம்னு சொன்னாங்க."

"கோவமாப்பா?"

"எனக்குத் தெரியாது ஐயா. நானும் கேட்டேன், சொல்லல." வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு வந்தீங்கன்னாலும் ஆள் இருக்க மாட்டாங்க. விடிகாலை பஸ்ல பாலம் தாண்டுறாங்க."